இல்லாத மனிதருக்கு வந்த அழைப்பு

போன வாரம் தம்பியைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி இன்னும் அந்த வீட்டுக் கூடத்தைவிட்டுப் போகவில்லை. "நீதானேடா கொடுத்தே?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் 'ரத்த அக்கா'. புதிதாகக் குடிவந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். விஷயம் சாதாரணமானது. பகலில் அவள் குடிநீர் அலுவலகத்தில் டேட்டாபேஸ் நிர்வாகி. ஊரில் எந்தக் குழாய் யார் பெயரில் இருக்கிறது என்கிற தகவல் மலையைக் கட்டிக் காப்பது உத்தியோகம். மாலையில் அதே கைப்பழக்கத்தை ஊருக்காகச் செலவழித்தாள். ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருந்தாள். அவசரம் என்று யாராவது அழைத்தால் பொருத்தமானவரைத் தேடி, முதலில் அவரிடம் சம்மதம் கேட்டு, அதன் பிறகுதான் எண்ணைத் தருவாள்.

அதில் ரத்த வகை மட்டும் இல்லை. யாருக்கு என்ன நோய், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதும் இருந்தது. கட்டிய கணவனிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொன்னவர்கள் உண்டு. "இது என்னைத் தாண்டிப் போகாது" என்று ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லித்தான் வாங்கியிருந்தாள்.

தாண்டிப் போய்விட்டது. சில வாரங்களாக ரத்தம் கொடுக்கும் உறுப்பினர்களுக்கு யார் யாரோ போன் செய்தார்கள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்காமே, நல்ல திட்டம் ஒண்ணு இருக்கு" என்று தேனொழுகப் பேசினார்கள். மாடி வீட்டு ஆசிரியைக்கு வந்த அழைப்பை அவளுடைய மாமியார் எடுத்துவிட்டார். மருமகள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற விஷயம் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. ஆசிரியை இப்போது பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

தகவல்களின் பிரதி மொத்தம் மூன்று பேரிடம்தான். ஒன்று அவளிடம். ஒன்று, அவளே தொழில் கற்றுக்கொடுத்து ஆளாக்கிய தம்பியிடம். மற்றொன்று தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம். அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வரும் அவசர அழைப்புகளை அவர்தான் எடுப்பார். தம்பியை அவள் சந்தேகப்பட்டாள். ஊரோ ஒட்டுமொத்தமாக மருந்துக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டது. அவர் கடை ஷட்டரில் யாரோ கரிக்கட்டையால் 'திருடன்' என்று கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று மாலை நூலக மாடியில் உறுப்பினர்கள் கூட்டம். மருந்துக்கடைக்காரரை ரத்ததானப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப்போகிறவர் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான்.

"சாயங்காலம் நான் பேசறதைக் கேளு," என்றார் அவர், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே. "அந்த ஆளை ஊருக்கு முன்னாடி நிறுத்தி நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன்."

"அவர்தான்னு இன்னும் தெரியலைங்க."

"தெரியாம என்ன? உன் தம்பி சின்னப் பையன், அவனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. நீ அவசரப்பட்டு அவனைப் பேசிட்டே. மிச்சம் யாரு?"

தம்பிக்காக அவர் பரிந்து பேசியது அவளுக்கு இதமாக இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான், "விடும்மா, பாவம்" என்று குறுக்கே வந்து நின்றார். வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் முடங்கிக் கிடந்தவர். போன மாதம் ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்ததிலிருந்து முதுகு நிமிர்ந்து நடக்கிறார். குளிக்கும்போது பாடுகிறார். அந்தப் பாட்டைக் கேட்பதற்காகவே அவள் சில நாள் அடுப்பைத் தணித்து வைத்ததுண்டு.

அவர் கிளம்பிப் போனார். அவளும் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சமையலறை இழுப்பறைக்குள் அந்தப் பழைய போன் அடித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த போனுக்கு யாரும் அழைக்க முடியாது. ஏனென்றால் அந்த எண்ணின் சொந்தக்காரர் உலகத்திலேயே இல்லை. அது அவள் தொழிலில் இருக்கிற ஒரு பழக்கம். நிஜத் தகவல்களுக்கு நடுவே ஒரு பொய் ஆளைச் சேர்த்து வைப்பார்கள். அந்த ஆளைத் தேடி யாராவது வந்தால், தகவல் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். மூன்று பிரதியிலும் அவள் அப்படி ஒரு மனிதரைக் குடிவைத்திருந்தாள். எண் ஒன்றுதான். நோய்தான் வேறு. மருந்துக்கடைக்காரரின் பிரதியில் அவருக்கு மூட்டுவலி. தம்பியின் பிரதியில் மூச்சிரைப்பு.

மூன்றாவது ஆளை வைக்கச் சொன்னவன் தம்பி. "எங்க ரெண்டு பேரை மட்டும் திருடன்னு நெனைச்சியா? உன் பிரதியிலயும் ஒருத்தரை வை. நியாயம்னா நியாயம்" என்று அடம்பிடித்தான். அவனைச் சமாதானப்படுத்த, சிரித்துக்கொண்டே தன் பிரதியிலும் ஒருவரைச் சேர்த்தாள். அவருக்கு ஒற்றைத் தலைவலி கொடுத்தாள், அவளுக்கே இருக்கிற தலைவலி என்பதால்.

இந்த ஏற்பாடு அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இத்தனை வாரமாக அந்த போன் அடிக்காததால்தான், விஷயம் தெரிந்த தம்பி அந்த ஆளை விட்டுவிட்டுக் கொடுத்திருப்பானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

போன் விடாமல் அடித்தது. எடுத்தாள்.

"வணக்கம், சார் இருக்காங்களா?" சின்னப் பெண்ணின் குரல்.

"வெளியே போயிருக்கார். நான் அவர் மனைவி பேசறேன்." இல்லாத மனிதருக்கு ஒரு நொடியில் மனைவியாகிவிட்டாள்.

"சார் ரத்ததானம் எல்லாம் செய்யறவர்னு தெரியும் மேடம். அவர் உடம்பையும் பார்த்துக்கணும் இல்லையா? அவருக்கு இருக்கற பிரச்சினைக்கு எங்ககிட்ட ஒரு நல்ல திட்டம் இருக்கு."

"என்ன பிரச்சினை?"

சொல்லப்போவது மூட்டுவலியாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் நல்லவர்தான். ஆனாலும் அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், தம்பியாக இருக்கவேண்டாம் என்று அந்த நிமிடம் அவள் வேண்டிக்கொண்டது உண்மை.

"அதான் மேடம், அந்த ஒத்தைத் தலைவலி."

ஒற்றைத் தலைவலி அவளுடைய பிரதி. அவள் வீட்டுக் கணினி. அது நிற்கிற மேஜை இங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது.

"எங்கே வரணும்?" என்று கேட்டாள். இத்தனை வாரமாக உறுப்பினர்கள் எல்லோரும் திட்டிவிட்டு வைத்தார்களே தவிர, யாருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பெண் சந்தோஷமாக வழி சொன்னாள். பெரிய ரவுண்டானாவைத் தாண்டினால் கண்ணாடிக் கடை, அந்தக் கட்டடத்திலேயே மேல்மாடி, லிஃப்ட் உண்டு. "ஈசியா கண்டுபிடிச்சிடலாம் மேடம்."

கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. கணவர் வேலையில் சேர்ந்த முதல் நாள், மழையில் குடையோடு அந்தக் கண்ணாடிக் கடை வாசலில்தான் அவள் அவருக்காகக் காத்திருந்தாள்.

போனை வைத்துவிட்டு மேஜையருகே போனாள். அந்தக் கணினி கடவுச்சொல்லுக்குத் திறப்பதில்லை, விரல்ரேகைக்குத்தான் திறக்கும். போன வருடம் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, அவள் சொல்லச் சொல்ல அவர்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அதற்காக அவர் விரலையும் அதில் பதித்து வைத்தாள். கட்டுப் பிரித்த பிறகும் அதை எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. புருஷனுடைய விரலை எந்தப் பெண்தான் எடுப்பாள்?

*

அலுவலகத்தில் அன்றைக்கென்று பார்த்து ஒரு பெரிய வேலை. மூடப்பட்ட பழைய இணைப்புகளை நிரந்தரமாக நீக்க வேண்டும்; அதற்கு முன் சோதனை இயந்திரத்தில் பாதிக் கணக்குகளை அழித்து ஒத்திகை பார்க்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் கட்டளையை உரக்கப் படிக்க, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொடலாம். அவளுடைய உதவியாளர் இந்த விஷயத்தில் கறாரான ஆள். அதனாலேயே அவருக்கு 'எதிரொலி' என்று பெயர்.

அவள் படித்தாள். எதிரொலி திருப்பிச் சொல்லவில்லை.

"என்ன?"

"மேடம், நீங்க படிச்சது சரி. ஆனா எந்த மெஷின்ல உட்கார்ந்திருக்கோம்னு ஒரு தடவை பாருங்க."

பார்த்தாள். சோதனை செய்து பார்க்கிற இயந்திரம் என்று நினைத்துக்கொண்டு, ஊரே நம்பியிருக்கிற அசல் இயந்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள். எதிரொலி இல்லாவிட்டால் பாதி ஊரின் கணக்குகள் அந்த நொடியே மறைந்திருக்கும். பிறகு நாளெல்லாம் உட்கார்ந்து மீட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"இன்னைக்கு வேண்டாம் மேடம்," என்றார் எதிரொலி, அவள் முகத்தைப் பார்க்காமலே. "நாளைக்குப் பண்ணிக்கலாம். மேலே நான் சொல்லிக்கறேன்."

அந்த நாசூக்குக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது ஆத்திரமாக வந்தது. அலுவலகத்தில் ஒரு வரியை அழிக்க இரண்டு பேர் வேண்டும் என்று சட்டம் பேசுகிறவள், வீட்டில் இத்தனை பேருடைய அந்தரங்கத்தை ஒரு விரலுக்குத் திறந்து வைத்திருந்திருக்கிறாள். கணவர் மேல் வந்த கோபம் பாதி என்றால், தன் மேல் வந்தது மீதி.

மத்தியான இடைவேளையில் தம்பியின் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் நின்றாள். போன் செய்தால் எடுக்கமாட்டான் என்று தெரியும். இந்த நேரத்துக்கு டீ குடிக்க வராமல் இருக்கமாட்டான் என்பதும் தெரியும்.

வந்தான். பார்த்தான். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தவன், கடைக்காரரிடம், "இன்னொரு டீ. சர்க்கரை கம்மியா," என்றான். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்பதை மறக்கவில்லை. அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன் அடிச்சுது," என்றாள்.

அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "என்ன நோய்?"

"ஒத்தைத் தலைவலி."

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"மாமாவா?"

தலையை ஆட்டினாள். அந்தப் பெண் சொன்ன முகவரியையும் சொன்னாள்.

"வேலை எப்படிக் கெடைச்சுதுன்னு நான் அப்பவே யோசிச்சேன்," என்றான் தம்பி. "இந்த வயசுல, அனுபவம் இல்லாத துறையில, நேரா அதிகாரி. சரி, மாமாவுக்கு நல்ல காலம் பொறந்திடுச்சுன்னு விட்டுட்டேன்."

"என்னை மன்னிச்சுடுடா. அன்னைக்கு நான் பேசினதுக்கு."

"மன்னிக்கறது இருக்கட்டும். இப்ப என்ன செய்யப் போறே?"

"தெரியலைடா. யோசிக்கணும். முதல்ல அவர்கிட்ட கேட்கணும். அவர் பக்கம் என்னன்னு..."

அவன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "என்னைக் கேட்டப்போ இவ்வளவு யோசிக்கலையேக்கா. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும்கூடப் பொறுக்கலை."

டீ ஆறிப்போய்விட்டது. அவன் காசைக் கொடுத்துவிட்டு, இரண்டடி நடந்து, பிறகு திரும்பி வந்தான்.

"கூட்டத்துக்கு நான் வர்றேன். பின்னாடி நிப்பேன். உனக்காக இல்லை, அந்தக் கடைக்காரருக்காக."

*

கணவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் துணியை விரித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பேசவேண்டியதை முணுமுணுவென்று ஒத்திகை வேறு.

"வா வா. இதைக் கேளு. 'நம்பி ஒப்படைச்சதை வெளியே கொடுக்கறவனுக்கு இந்த ஊர்ல இடமில்லை.' எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள் அவள். "யாரைச் சொல்றீங்க?"

"இது என்ன கேள்வி?"

"உங்க ஆபீஸ்லேர்ந்து இன்னைக்கு எனக்கு போன் வந்துது."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றுவிட்டது. கருகுகிற வாசனை வந்த பிறகுதான் தூக்கினார்.

"எங்க ஆபீஸ்லேர்ந்தா? உனக்கா? என்னன்னு?"

அவள் சொன்னாள். இல்லாத மனிதரைப் பற்றி, தலைவலியைப் பற்றி, மேஜைமேல் இருக்கிற கணினியைப் பற்றி. குரலை உயர்த்தவே இல்லை. முதலில் அவர் சிரித்தார். பிறகு, உன் தம்பியே உன் கணினியைத் திறந்திருக்கலாமே என்றார். காலையில் 'சின்னப் பையன், துணிச்சல் கிடையாது' என்று சொன்ன அதே வாய். அவனுக்கு அது திறக்காது என்று அவள் சொன்னதும் கோபப்பட்டார். "கட்டின புருஷனைச் சோதிக்க ஆள் வெச்சியா நீ?" என்று எகிறினார்.

"உங்களுக்கு வைக்கலை. எனக்கு வெச்சேன். அதுல வந்து நீங்க மாட்டினீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் பழையபடி, வேலையில்லாமல் இருந்தபோது இருந்த மாதிரி, தொங்கிப்போயின.

"ஒரே ஒரு தடவைதான். இன்டர்வியூல கேட்டாங்க. 'உங்களுக்கு இந்தப் பகுதியில நல்ல பழக்கமாமே, தொடர்புகள் இருக்கா'ன்னு. இருக்குன்னு சொல்லிட்டேன். காட்டுங்கன்னாங்க. என்கிட்ட என்ன இருக்கு காட்ட? உன்கிட்டதான் இருந்துச்சு."

"அதுக்கு எடுத்துக் கொடுத்துட்டீங்க."

"யாருக்கும் கெடுதல் வரும்னு நெனைக்கலைம்மா. நல்ல வைத்தியம் பத்தித்தானே சொல்றாங்க? ஒரு வருஷம் இந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை குத்தலா சொன்னது கிடையாது. அதுதான் என்னால தாங்க முடியலை. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று பட்டது. இரக்கம் வந்தது. ஆமாம், அந்த நேரத்திலும் வந்தது, அதுதான் கேவலம். கை அவர் தோளை நோக்கி நீண்டது. பிறகு மாடி வீட்டு ஆசிரியை ஆட்டோவில் பெட்டியோடு ஏறிய காட்சி ஞாபகத்துக்கு வர, கையை இழுத்துக்கொண்டாள்.

"வேலைக்காகச் செஞ்சீங்க, சரி. அது புரியுது. பிடிக்கலை, ஆனா புரியுது. அந்தக் கடைக்காரர் என்ன பண்ணார்? அவர்தான்னு முதன்முதல்ல சொன்னது யாரு? ஷட்டர்ல கிறுக்கினப்போ 'சரியாத்தான் எழுதியிருக்கான்'னு சிரிச்சது யாரு? அவரைப் பத்திப் பேசும்போதெல்லாம் உங்களுக்கு நாக்கு கூசலையா?"

"யாராவது ஒருத்தர் மேல பழி விழத்தானே போகுது? அவருக்குச் சொந்தக் கடை இருக்கு. நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. எனக்கு இது போச்சுன்னா..."

"என் தம்பி?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவனை நான் திட்டினப்போ பக்கத்துலதான் நின்னீங்க. 'விடும்மா, பாவம்'னீங்க. எவ்வளவு நல்லவர்னு நெனைச்சேன் தெரியுமா? அன்னைக்கு ராத்திரி உங்களைப் பத்திப் பெருமையா நெனைச்சுக்கிட்டே தூங்கினேன்."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. திருட்டைக்கூட அவளால் ஒரு மூலையில் வைத்துவிட முடிந்தது. அந்தப் பெருமையைத்தான் எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "இந்த ஒரு கூட்டம் மட்டும் போயிடட்டும். தீர்மானம் எதுவும் வேண்டாம்னு நானே சொல்லி முடிச்சிடறேன். நீ ஒண்ணும் சொல்லாதே."

"முடியாது. அவர் மேல இருக்கற பழியை இறக்கணும். என் வீட்டுலேர்ந்துதான் போச்சுன்னு நான் சொல்லுவேன்." கையை விடுவித்துக்கொண்டாள். "ஆனா யாருன்னு நான் சொல்லமாட்டேன். அதை உங்களுக்கு விட்டுடறேன். நீங்களே எழுந்து சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். மறுபடியும் ஒரு வருஷம் உட்காருங்க, நான் பார்த்துக்கறேன். ஆனா நீங்களே சொல்லணும்."

"சொல்றேன்," என்றார் கடைசியில். "உன்மேல ஆணையா சொல்றேன்."

கருகிய சட்டையை எடுத்து வைத்துவிட்டு அவளே வேறு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

*

நூலக மாடியில் நாற்காலி போதாமல் பலர் சுவரோரமாக நின்றார்கள். மின்விசிறிகள் சத்தம்தான் போட்டன, காற்று வரவில்லை. மருந்துக்கடைக்காரர் முன்வரிசையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவள் உள்ளே வந்ததும், "வா தங்கச்சி," என்றார் வழக்கம்போல. அந்த வழக்கத்தை அவர் விடாமல் இருந்தது அவளைக் கூனிக்குறுக வைத்தது. தம்பி சொன்னபடியே பின்னால், கதவருகே கைகட்டி நின்றான்.

கணவர் அவளோடு சேர்ந்தே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தீர்மானத்தை யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒரே விஷயம்தான். கடைக்கார அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை. உங்க தகவல் அவர்கிட்டேர்ந்து போகலை. என்கிட்டேர்ந்துதான் போச்சு. என் வீட்டுல, என் கம்ப்யூட்டர்லேர்ந்து."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். அவள் இல்லாத மனிதரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுலேர்ந்துன்னா?" ஆசிரியையின் அண்ணன் எழுந்து நின்றான். "யாரு எடுத்தது? யாருன்னு சொல்லுங்க. என் தங்கச்சி வாழ்க்கை நடுத்தெருவுல நிக்குது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசு கெஞ்சியது. இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் எப்படியாவது கடந்துவிடலாம் என்று அவள் அப்போதும் நம்பினாள்.

அவர் எழுந்தார்.

அவளுக்குள் ஒரு நன்றிகூட எழுந்தது.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க," என்று அவர் கை கூப்பினார். "நானே சொல்றேன். என் மனைவியை உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, அதுக்கு மேல உங்களுக்காக இந்த வேலை. கொஞ்ச நாளா தலைவலி வேற. களைப்புல எங்கேயோ திறந்து வெச்சிட்டா, யாரோ எடுத்துட்டாங்க. அவ வேணும்னு செய்யலை. அவளுக்காக நான் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. "பாவம், நல்ல மனுஷன்" என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள். "வீட்டுக்காரம்மாவை விட்டுக்கொடுக்காம பேசறாரு பாருங்க." ஆசிரியையின் அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். இத்தனை வருடங்களில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

பின்னால் தம்பி கதவிலிருந்து நகர்ந்து முன்னே வர ஆரம்பித்தான். அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

கணவர் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. அவர் கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அந்தக் கெஞ்சலுக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"நீங்க உட்காருங்க," என்றாள் அவரிடம், மரியாதையாகவே. "நான் இன்னும் பேசி முடிக்கலை."